ஒரு லட்சம் பேர் அழுத முகம்

'மறைவு: 14' என்று போட்டிருந்தது. இன்றைக்குத் தேதி பதினாலு. மணி காலை ஒன்பதே கால்.

ஆம்னி வேனின் பின்சீட்டில், ஜன்னலுக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டு பிரிஜா உட்கார்ந்திருந்தாள். வண்டி கோட்டாறு தாண்டிச் சுசீந்திரம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் எந்த பைக் ஹாரன் அடித்தாலும் அவள் இன்னும் கீழே குனிந்தாள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

பதினொன்றாம் தேதி காலையில்தான் அது வந்தது. பெயரில்லாத ஒரு புதுக் கணக்கு அவளை டேக் செய்து ஒரு படம் போட்டிருந்தது. கறுப்புக் கரை கட்டிய கண்ணீர் அஞ்சலி. நடுவில், மாம்பழ மஞ்சள் சேலையில் அவளுடைய முகம். ஊர் பேர் எதுவும் இல்லை. கீழே இரண்டே வரி: 'இந்த முகம் இனி இல்லை. மறைவு: 14.'

'நெய்யூர் பிரிஜா' என்ற அவளுடைய பக்கத்தை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துவந்தார்கள். சேலை கட்டிக் காட்டுவாள், அந்தச் சேலையையே விற்பாள். எட்டு வருஷப் பிழைப்பு. அஞ்சலியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் தேதியைக் கவனிக்கவில்லை. அழுதார்கள், பகிர்ந்தார்கள். குழித்துறையிலிருந்து சித்தி வீட்டார் மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது பிரிஜாதான் என்று கண்டதும் சித்தி அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள்.

போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது, விசாரிக்கிறார்கள். ஆனால் பதினாலாம் தேதி யாருக்காகவும் காத்திருக்காதே! அதனால்தான் நாகர்கோவிலில் ஒரு பேக்கரிக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் நேசபாயிடம் ஓடிவந்தாள். நேசபாய் முப்பது வருஷம் காக்கி போட்டவர், ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் ஊரில் அவருக்குப் பெயர் ஏட்டம்மாதான். வண்டி ஓட்டுகிற மரியஜான் அவருடைய உதவியாளர். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர், நாற்பத்தைந்து வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"எக்கா, பின்னால வாறது மீன் வண்டியாக்கும். தலைய நிமித்துங்க. உங்களக் கொல்ல வாறவன் ஐஸ் பெட்டி கெட்டிட்டு வரமாட்டான்" என்றார் மரியஜான், கண்ணாடியில் பார்த்தபடி.

"சும்மா ஓட்டுடே" என்றார் நேசபாய்.

"இல்ல ஏட்டம்மா, எனக்குள்ள வருத்தம் வேற. இவிய அஞ்சலிக்கு நாப்பதாயிரம் லைக்கு. நான் உயிரோட இருந்து நெய்மீன் குழம்பு வச்சுப் போட்டேன், என் பெண்டாட்டிகூட லைக் போடல."

பிரிஜாவின் போன் அதிர்ந்தது. தோஹாவிலிருந்து அவள் கணவன் சிஜின்.

"எங்க நிக்க? வீட்டுக்குள்ள இருன்னு சொன்னேன்ல? போலீசுல என்ன சொன்னாவ?" அவன் குரலிலும் பயம் இருந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "பின்ன... ஒரு லைவ் மட்டும் போட்டுட்டு இரி. ஜனம் கேக்குது. ரெண்டு நாளுல பதினெட்டாயிரம் பேர் கூடிருக்கு" என்றான்.

பிரிஜா போனை வைத்துவிட்டாள்.

முன்சீட்டிலிருந்த நேசபாய் அந்தப் படத்தை நூறாவது தடவையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிஜாவை எப்போதும் திட்டி எழுதுகிற இரண்டு பேரையும், போட்டிக்குச் சேலைப் பக்கம் நடத்துகிற ஒருத்தியையும் நேற்றே தேடிப் பிடித்து விசாரித்துக் கழித்தாகிவிட்டது. மிஞ்சியது படத்தின் பின்னணி மட்டும்தான். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் கிழிக்கிற காலண்டர் ஒன்று, பாதி தெரிந்தது. அடிப்பலகையில் '...தாஸ் அரிசி மண்டி, சுசீந்திரம்'.

"இன்னொரு மட்டம் யோசிச்சுச் சொல்லு மக்கா. இந்த ரூமுக்கு நீ எப்பவாவது போயிருக்கியா?"

"சத்தியமா இல்ல ஏட்டம்மா." சொல்லிவிட்டு பிரிஜா எச்சில் விழுங்கினாள். "ஆனா நேத்து ராத்திரியெல்லாம் கெடந்து யோசிச்சேன். சேலை என் சேலை, மூஞ்சி என் மூஞ்சி. போயிட்டு மறந்துட்டேனோன்னு தோணுது. எனக்கு மூளை கெட்டுப் போச்சோன்னுகூட..."

"மூஞ்சி உன் மூஞ்சிதானா?"

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அம்மா பாத்தாவ, வீட்டுக்காரவிய பாத்தாவ. எல்லாரும் நான்தான்னு சொன்னாவ."

நேசபாய் படத்தை மறுபடி பெரிதாக்கினார். காலண்டரின் மேல் விரலை வைத்தார். "படம் வந்தது பதினொண்ணாந் தேதி. காலண்டர்ல நிக்கது பதினாலு. மூணு தாளு முன்கூட்டியே கிழிச்சாச்சு. அங்கதான் எனக்கு இடிக்குது. கொல்லப் போறவன் அடுத்தவனுக்க நாளத்தானே எண்ணுவான்? சொந்த வீட்டுக் காலண்டர என்னத்துக்குக் கிழிக்கான்?"

"அவனுக்கு பதிமூணு ராசியில்லாம இருக்கும்" என்றார் மரியஜான்.

*

குமாரதாஸ் அரிசி மண்டி கோயிலுக்குப் போகிற தெருவில் இருந்தது. கடைக்காரர் குமாரதாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"அய்யோ, இந்தப் பிள்ளையா! என் மருமக நேத்து முழுக்க அழுதுட்டு இருந்தா. நல்ல சிரிச்ச மூஞ்சி." உச்சுக் கொட்டிவிட்டு, எதிரே நின்ற பிரிஜாவைப் பார்த்தார். "நீங்க சொந்தக்காரியளா? ஒரு சாயல் இருக்கு."

பிரிஜா சட்டென்று நேசபாயைப் பார்த்தாள். இரண்டு முழ தூரம்கூட இல்லை. அவள் முகத்தில் மேக்கப் இல்லை, மூன்று நாள் தூக்கம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தாள்.

"தூரத்துச் சொந்தம்" என்றார் நேசபாய். "இந்தக் காலண்டர் உங்க கடையிலதானே?"

"நம்ம காலண்டர்தான். வருஷம் ஐநூறு அடிப்பேன். வாங்குதவங்க வீட்டுக்குத் தக்கன கொடுப்பேன். முருகன் படம் முந்நூறு, ஏசு படம் நூத்தம்பது." படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "இதுல மேல கொஞ்சம் இதழு தெரியுதுல்லா? தாமரை. தாமரையில நாமம் வச்சது. அய்யாவழிக்காரங்களுக்குள்ளது. அது அம்பதுதான் அடிச்சேன்."

"அப்ப அம்பது வீடு."

"அம்பது வீடுதான். ஆனா எந்த வீடுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஐநூறு ஐம்பதாகச் சுருங்கியது பிரிஜாவுக்கு ஆறுதலாக இல்லை. அந்த ஐம்பதில் ஒரு நீலச் சுவருக்குள்தான் அவன் இருக்கிறான். ஒருவேளை இந்தத் தெருவிலேயே நிற்கலாம். அவள் திரும்பினாள்.

ஒரு போன் நேராக அவள் முகத்துக்கு நீண்டது.

"வணக்கம் அக்கா! நம்ம சேனலுக்காக. நெய்யூர் பிரிஜா மறைவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க அவங்க வீடியோ பாப்பிங்களா?" கழுத்தில் மைக் மாட்டிய ஒருவன். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள், அவனுக்குப் பேட்டி கொடுத்து முடித்தவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிஜா ஓடப் பார்த்தாள். அவன் வழியை மறித்து நின்றான். செல்பிக்குத் திருப்பியிருந்த அந்தப் போனின் திரையில் தன் முகம் தெரிவதைப் பார்த்தாள். கறுத்து, களைத்து, தாடை அகன்ற யாரோ ஒருத்தி.

"எனக்கு... எனக்கு அவியளத் தெரியாது" என்றாள்.

"சரிக்கா" என்று அவன் அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "அவங்க மாதிரி ஒரு ஸ்கின் யாருக்கும் வராதுடி."

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் பிரிஜாவுக்கு அழுகை உடைந்து வந்தது. "நான் செத்தே போயிட்டேனா ஏட்டம்மா? ஒருத்தருக்கும் என்னத் தெரியல. இன்னைக்கு என்ன எவனாவது வெட்டிப் போட்டாலும் இது வேற யாரோன்னு போயிருவாங்க." மூக்கும் கண்ணும் ஒழுக, முகத்தில் ஒட்டிய முடியை இரண்டு கையாலும் வழித்துக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

நேசபாய் தண்ணீர் பாட்டிலை நீட்டியவர், பாதியில் கையை நிறுத்தினார்.

"அசையாத" என்றார்.

பிரிஜா உறைந்துபோனாள். யாரோ வெளியே நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

"உன் இடது காதுல என்ன?"

கை தன்னாலே காதை மூடியது. "ஆறு வயசுல ஊஞ்சல் கயித்துல தொங்கட்டான் மாட்டிக் கிழிஞ்சு போச்சு. தையல் போட்டும் சேரல. ரெண்டாத்தான் நிக்கும். வீடியோவுல முடியப் போட்டு மறைச்சிருவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

நேசபாய் படத்தை அவள் முன் பிடித்தார். "மூஞ்சிய விடு. காதப் பாரு."

மூன்று நாளில் ஆயிரம் தடவை பார்த்த படம். அதில் இருப்பவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தாள். இடது காது முழுதாகத் தெரிந்தது. மடல் முழுசாக, உருண்டையாக, ஒரு சின்னக் கம்மலோடு இருந்தது.

"செல்பியில இடதும் வலதும் மாறும்லா ஏட்டம்மா?" என்றார் மரியஜான். இந்த முறை அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"மாறியிருந்தா காலண்டர் எழுத்தும் இடவலமா மாறித் தெரியணும். 'அரிசி மண்டி' நேரா இருக்கு பாரு. அப்ப இது இடது காதுதான்." நேசபாயின் குரல் தாழ்ந்தது. "நீ வீடியோவுக்குப் போடுத ஃபில்டர் ஆப்பு மூக்கக் கூராக்கும், கன்னத்த மினுக்கும், தாடையச் செதுக்கும். அந்த ஆப்புக்குக் காதுல ஒரு அக்கறையும் கிடையாது. மக்கா, இது நீ இல்ல. எவளோ ஒருத்தி தனக்க மூஞ்சிய உன் மூஞ்சியா மாத்தி வச்சிருக்கா."

பிரிஜாவுக்கு முதலில் மூச்சு வந்தது. நான் இல்லை. என்னை யாரும் கொல்லப் போவதில்லை. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு விழுந்தது போல இருந்தது. அது தரையைத் தொடுவதற்குள் அடுத்த நினைப்பு வந்தது.

அவளே தன் வாயால் சொன்னாள்: "அப்ப இன்னைக்குச் சாகப் போறது அவளா?"

"தனக்க வீட்டுக் காலண்டரத் தானே கிழிச்சு வச்சிருக்கா" என்றார் நேசபாய். "நம்ம மூணு நாளா வேற ஆளுக்குக் காவல் நின்னுட்டு இருக்கோம். சேலை! அந்தச் சேலை உன் கடைச் சேலைதானே? யாருக்கெல்லாம் வித்தே?"

பிரிஜா போனில் விற்பனைக் கணக்கைத் திறந்தாள். மாம்பழ மஞ்சள் அறுபத்தொன்று போயிருந்தது. முகவரிகளில் 'சுசீந்திரம்' என்று தேடினாள். ஒன்றே ஒன்று வந்தது. சபிதா, தாயார் பெயர் முத்துக்கனி.

பெயரைத் தொட்டதும் உரையாடல் திறந்தது. ஒரு வருஷமாக அந்தப் பெண் எழுதியிருந்தாள். மேலே தள்ளத் தள்ள முடிவே இல்லை. 'அக்கா உங்க மூக்கு எப்படி இவ்ளோ அழகு.' 'அக்கா நான் அந்த ஆப்புல போட்டேன், உங்களை மாதிரியே வந்துச்சு.' 'அக்கா காலேஜுக்குப் போக முடியல, எல்லாரும் நெஜ மூஞ்சியப் பாப்பாங்க.' ஒவ்வொன்றுக்கும் கீழே பிரிஜா ஒரு மஞ்சள் இதயம் போட்டிருந்தாள். பத்தாம் தேதி வந்தது கடைசி: 'கண்ணாடி பாக்க பயமா இருக்கு அக்கா. அதுல இருக்கது நான் இல்லன்னு தோணுது. உங்களுக்கு அப்படித் தோணுமா?'

அதற்கு அவள் பதில்: 'லவ் யூ டியர். புது கலெக்‌ஷன் பாத்தியா?'

எழுதியதாக ஞாபகமே இல்லை. ஆனால் எழுதியிருந்தாள்.

நேசபாய் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "ஓய், குமாரதாஸு! முத்துக்கனின்னு ஒருத்தி, வீடு எங்க?"

"நடவுக்குப் போற முத்துக்கனியா? தெப்பக்குளம் தாண்டி, வாழைத்தோப்புக்கு எதிர்த்த ஓட்டு வீடு!"

மரியஜான் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. வண்டி ஏற்கெனவே புறப்பட்டிருந்தது.

*

ஓட்டு வீட்டின் முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நேசபாய் இரண்டு தடவை தட்டினார். சத்தமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அம்மைக்காரி வயலுக்குப் போயிருக்கா. பிள்ள உள்ளதான் கெடக்கும். நாலு மாசமா அது வெளிய வாறதே இல்ல" என்றாள். மரியஜான் அவளிடம் வயல் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடினார்.

பக்கவாட்டில் கம்பி போட்ட ஒரு ஜன்னல், பாதி திறந்திருந்தது. பிரிஜா அதன் வழியாகப் பார்த்தாள். நீலச் சுவர். தாமரைக் காலண்டர். பதினாலு.

"சபிதா" என்று கூப்பிட்டாள். "சபிதா, நான் பிரிஜா."

இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, அவசரமே இல்லாத குரல். "பிரிஜா அக்கா இன்னைக்கு செத்துப் போயிருவாங்க. நீங்க யாரு?"

பிரிஜா ஜன்னலை விட்டுப் பின்வாங்கினாள். நேசபாய் அவள் தோளை அழுத்தினார். "பேசிட்டே இரு. நிறுத்தாத."

"நான்தான்டி. குரலக் கேளு. தெனமும் கேக்கியே, இந்தக் குரலுக்கு நான் ஒரு ஆப்பும் போடுறதில்ல. இது நெஜம்."

கட்டில் கிரீச்சிட்டது. மஞ்சள் சேலையில் ஒருத்தி ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றாள். பத்தொன்பது வயசிருக்கும். மாநிறம், பரந்த மூக்கு, முன்பல்லில் சின்ன இடைவெளி. பிரிஜாவின் கண் பழக்க தோஷத்தில் எதை ஒதுக்கலாம், எதை வெளுக்கலாம் என்று ஒரு கணம் அளந்தது. அடுத்த கணம் தன் கண்ணையே பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சபிதா உற்றுப் பார்த்தாள். "குரல் சரிதான். ஆனா நீங்க அவங்க இல்ல."

"இல்லதான். அந்த மூஞ்சி எனக்கும் கிடையாது." பிரிஜா முடியை அள்ளி ஒதுக்கி, இடது காதைக் கம்பிக்கு நெருக்கமாக வைத்தாள். "இத யாருக்கும் காட்டினதில்ல. எட்டு வருஷமா மறைச்சேன். உனக்குள்ளது முழுசா இருக்கு. நீ என்ன மாதிரி வரணும்னு இருக்க. நான் மூணு நாளா உன் படத்தப் பாத்து அது நான்னு நெனச்சுப் பயந்து சாகுதேன். எனக்கே என்னத் தெரியல சபிதா. கண்ணாடியப் பாத்தா அப்படித் தோணுமான்னு கேட்டேல்லா? தோணும். தெனமும் தோணும்."

கம்பிக்கு நடுவே ஒரு விரல் வந்தது. கிழிந்த மடலை, ஒரு பாதியையும் அடுத்த பாதியையும், மெதுவாகத் தொட்டது.

விரல் உள்ளே போயிற்று. காலடிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. கட்டில் பக்கமா, கதவுப் பக்கமா? அந்த அரை நிமிஷத்தில் பிரிஜா அடைந்த பயத்துக்கு முன்னால் கடந்த மூன்று நாள் பயம் ஒன்றுமே இல்லை.

தாழ் விலகியது.

நேசபாய் முதலில் நுழைந்தார். அறையை ஒரு பார்வை பார்த்து, தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அது என்ன என்று பிரிஜா கேட்கவில்லை. அவள் சபிதாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு மக்கா அந்த அஞ்சலிய என் மூஞ்சியில போட்டே?"

"என் மூஞ்சியில போட்டா யாருக்கா பாப்பாங்க?" சபிதா அழவில்லை. கணக்குப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "உங்க மூஞ்சியில போட்டா நாலு பேராவது அழுவாங்கன்னு நெனச்சேன். ஒரு லட்சம் பேர் அழுதாங்க. மூணு நாளாப் பாத்துட்டே இருக்கேன். எல்லாம் உங்களுக்குத்தான். ஒருத்தர்கூட எனக்கு அழல."

வாசலில் தடதடவென்று சத்தம். முழங்கால் வரை சேறு, தலையில் சும்மாடுத் துணியோடு முத்துக்கனி ஓடிவந்தாள். பின்னால் மரியஜான், செருப்பை வயலில் விட்டுவிட்டு, இரைத்துக்கொண்டு. என்ன ஏதென்று அவருக்கு அரைகுறையாகத்தான் சொல்லத் தெரிந்திருக்கிறது. முத்துக்கனி மகளின் முகத்தை இரண்டு சேற்றுக் கையாலும் ஏந்தி, அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பார்த்தாள். காயம் தேடுகிற மாதிரி.

"என் பிள்ளைக்கு மூஞ்சியில என்ன? எங்க? என்ன ஆச்சுன்னு சொல்லுங்களேன்!"

சபிதாவின் கன்னமெல்லாம் சேறு. அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள், வீடே அதிரும்படி.

"அழட்டும்" என்றார் நேசபாய். "அழுதுட்டு வண்டியில ஏறட்டும். டாக்டரப் பாக்கணும். நாளைக்கு இல்ல, இப்பவே."

*

சாயங்காலம் நான்கு மணி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். சபிதாவை இரண்டு மூன்று நாள் அங்கேயே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். முத்துக்கனி கட்டிலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவில் நின்று பிரிஜா போனை எடுத்தாள். எந்த ஆப்பும் போடாமல், முடியைக் கட்டிக்கொண்டு, லைவைத் திறந்தாள். "நான் பிரிஜா. நான் சாகல. அந்தப் படத்துல உள்ளது நான் இல்ல, வேற ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள்.

நிமிஷத்தில் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள்.

'யாருடி நீ?' 'அக்கா அக்கவுண்ட ஹேக் பண்ணிட்டாங்க.' 'செத்தவங்க பேர்ல காசு பாக்க வந்திருக்கா.' 'மூஞ்சியப் பாரு.' 'எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க.'

"நான்தான்" என்றாள் பிரிஜா. "குரலக் கேளுங்க..."

சிஜினின் அழைப்பு குறுக்கே வந்தது. அவள் எடுத்தாள்.

"பிரிஜா, என்னத்துக்கு இப்படி வந்து நிக்க? லைவ நிறுத்து! ஃபில்டரப் போட்டுட்டு வா!"

"உங்களுக்கு என்ன அடையாளம் தெரிஞ்சுதா?"

"முதல்ல ஒரு நிமிஷம்... தெரியல..." என்று இழுத்தான். அவள் வைத்துவிட்டாள்.

லைவ் அறுந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்து, புகார்களின் பேரில் இந்தக் கணக்கு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வந்தது. எட்டு வருஷம். மரியஜான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லாமல் விட்டார்.

பிரிஜா போனைப் பைக்குள் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி வீட்டுக்கு எப்படிப் போவது, நாளைக்கு எழுந்து என்ன செய்வது, எதுவும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து சபிதா கூப்பிட்டாள், தொண்டை கட்டிப்போன குரலில். "அக்கா... நாளைக்கு வருவியளா?"

பிரிஜா வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெண் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"எத்தன மணிக்கு வரணும்?"

"பத்து மணிக்கு."

பிரிஜா வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நெய்யூர்ல இருந்து இங்க பத்து மணிக்கு வரணும்னா எத்தன மணி பஸ்ஸப் பிடிக்கணும்?"

"எட்டேகால் வண்டிதான் சரி" என்றார் மரியஜான். "நல்ல கூட்டமா இருக்கும். நின்னுட்டுத்தான் வரணும்."

"நிக்கேன்" என்றாள் பிரிஜா.